வீல் ஸ்பேனர்

எரிந்த பஸ்ஸுக்குச் சக்கரம் மாட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. டயர் உருகி ஓடி, இரும்பு வளையம் மண்ணில் புதைந்து, அதைச் சுற்றிப் புல் முளைத்துக் காய்ந்தும் போயிருந்தது. டிப்போவின் பின்பக்கத்தில் இத்தனை வருஷமாக யாரும் சீண்டாமல் கிடந்த வண்டி. ஜாக்கி காலையிலிருந்து மல்லாந்து படுத்து அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தான். சின்னவன் கம்பி பிரஷ்ஷால் டிரம்மைத் தேய்த்தான். துரு பொடிப்பொடியாக உதிர்ந்து வாய்க்குள் போய்க் கரித்தது.

ஜாக்கி என்பது அவன் பேர் இல்லை. ஆட்டோவின் ஒரு பக்கத்தை வெறுங்கையால் தூக்கிப் பிடிப்பான், அதனால் ஒட்டிக்கொண்ட பேர். சின்னவன் என்பதும் அப்படித்தான். வீட்டில் பெரியவன் ஒருவன் இருந்தான். இந்த பஸ்ஸை ஓட்டியவன் அவன்தான். கலவரத்தில் இதை மறித்து, கதவை வெளியே கயிறு போட்டுக் கட்டி, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் தெரு அவனைச் சின்னவன் என்றே கூப்பிட்டது.

கொளுத்தியவர்கள் ஜாக்கியின் இனத்து ஆட்கள். ஜாக்கி வீட்டில் பேசும் மொழியைப் பேசுகிறவர்கள். அன்றைக்கு ஜாக்கி, சின்னவனையும் அண்ணியையும் தங்கள் பஞ்சர் கடைக்குள் பழைய டயர் குவியலுக்குப் பின்னால் உட்கார வைத்து ஷட்டரை இழுத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். தேடி வந்தவர்களிடம், "அவங்க நேத்தே ஓடிட்டாங்களே" என்று அவர்கள் மொழியிலேயே சொன்னான். அன்றைக்கு ஒட்டிய ஒட்டு இன்னும் விடவில்லை என்று அவனே பெருமையாகச் சொல்வான். அதற்கப்புறம் இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

டிப்போவுக்கு வந்ததும் ஜாக்கி முதல் வேலையாக ஓட்டுநர் சீட் பக்கத்து ஜன்னலில் ஒரு சாக்கை மாட்டினான். அண்ணன் எரிந்த இடம் அதற்குப் பிறகு சின்னவன் கண்ணில் படவில்லை.

"என்னப்பா, இன்னுமா தேய்ச்சிட்டிருக்கீங்க?" கட்சியின் ஏரியா பொறுப்பாளர் வந்து நின்றார். தேர்தலில் நிற்கும் வேட்பாளருக்கு வலது கை. இந்த பஸ்ஸை டிராக்டரில் கட்டித் தொகுதி முழுக்க இழுத்துக்கொண்டு போகலாம் என்பது அவருடைய யோசனைதான். பக்கவாட்டில் பெயிண்டர் ஒருவர் 'மறந்துவிடாதே' என்று சிவப்பில் எழுதிக்கொண்டிருந்தார்.

"துரு இன்னும் போகலண்ணே" என்றான் ஜாக்கி, அடியிலிருந்து தலையை நீட்டி. "அது மேல சக்கரத்தை மாட்டினா, ஓட ஓட உதிரும். நட்டு லூசாயிடும்."

"எரிஞ்ச பஸ்ஸு துருப்பிடிக்காம பொண்ணு மாதிரி பளபளன்னா இருக்கும்? மாட்டுப்பா, மாட்டு. மதியம் கிளம்பணும்."

"மாட்டிடறோம். ஆனா கொஞ்ச தூரம் ஓடினதும் நிறுத்தி, மறுபடி ஒரு தடவை இறுக்கணும்ண்ணே. மறந்துடாதீங்க."

பொறுப்பாளர் சின்னவனைத் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"இவன் அந்த ஆளா?"

"எங்க கடை ஆளு."

"அது சரி. அந்த ஆளா, இல்லையா?"

சின்னவன் கையில் இருந்த பிரஷ்ஷைத் தட்டித் துருவை உதிர்த்தான்.

"உங்க அண்ணி பஸ்ல முன்னாடி உக்காரப் போறாங்க, மடியில உங்க அண்ணன் போட்டோவோட. ஒத்துக்கிட்டாங்க. நீ நம்ம குடும்பம், அதனால சொல்றேன். ஊர்வலம் போறப்ப இவன் வெளிய தலைகாட்ட வேணாம். பசங்க சூடா இருக்காங்க. அப்புறம் என்னை வந்து கேக்காதே."

அண்ணி ஒத்துக்கொண்டிருந்தாள்தான். அவள் துப்புரவு வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் வேலையை நிரந்தரமாக்குவது வேட்பாளரின் கையில் இருந்தது. உட்கார்ந்தால் போதும், பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

இந்தச் சக்கர வேலையைச் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிடத்தான் சின்னவனுக்கு ஆசை. சொன்னால் கடைக்கு முன்னால் நாலு பேர் வந்து நிற்பார்கள். நாமே நம் கையால் சக்கரம் மாட்டிக் கொடுத்தால் நம் கடையைத் தொட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டான். ஜாக்கி கணக்கெல்லாம் போடவில்லை. "பெரியவரு வண்டி. நாம மாட்டாம வேற எவன் மாட்டுவான்?" என்று முந்தின நாளே சொல்லிவிட்டான்.

நட்டுகளை ஜாக்கிதான் இறுக்கினான். ஒன்றை இறுக்கி, அதற்கு நேர் எதிரில் உள்ளதை இறுக்கி, மாற்றி மாற்றி. கடையில் பெரிய வண்டிக்கு இருந்தது ஒரே வீல் ஸ்பேனர். வழுக்காமல் இருக்கப் பிடியில் பழைய ட்யூப் ரப்பரைச் சுற்றி வைத்திருந்தான். இறுக்கி முடித்துப் பாரத்தை இறக்கியதும், அந்த எலும்புக்கூடு ஒரு முனகலோடு தன் காலில் நின்றது. சின்னவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு அழுகை வந்தது.

கடைக்குத் திரும்பியதும் சின்னவன் ஷட்டரை முக்கால்வாசி இறக்கினான்.

"நீயும் வீட்டுக்காரியோட அவ ஊருக்குப் போயிருக்கலாம்ல? தேர்தல் முடிஞ்சதும் வந்தாப் போச்சு."

"போனா மாமியார் கையால சாப்பிடணும் மச்சான். இங்கயே அடி வாங்கலாம்."

"விளையாடாத. வண்டி தாண்டிப் போற வரைக்கும் வெளிய வரக் கூடாது. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

"பண்ணிட்டேன், போ" என்று ஜாக்கி அவன் தலையில் லேசாக ஒன்று தட்டினான். டயர் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சிரித்தான். "அன்னைக்கு நீ உக்காந்த இடம். மூட்டைப்பூச்சி இருக்குன்னு சொல்லவே இல்லையே."

ஊர்வலம் வருவதற்கு முன் சத்தம் வந்தது. மைக்கில் வேட்பாளர். "உன் அண்ணனை உயிரோட கொளுத்தினவன் எங்க இருக்கான்? உன் பக்கத்துக் கடையில இருக்கான்! உன் தெருவுல இருக்கான்! அன்னைக்கு எரிஞ்சது பஸ்ஸு. நாளைக்கு உன் வீடு! யார் காப்பாத்துவா? சொல்லு, யாரு?" கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. வழியில் எங்கோ கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண் வீறிட்டாள். மைக் அதற்கு மேல் கத்தியது.

ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் முதலில் டிராக்டர் தெரிந்தது. பிறகு பஸ்ஸின் முன்சக்கரம். இரண்டு பக்கமும் கால்கள், கொடிக் கம்புகள், ஓடி வரும் சிறுபிள்ளைகளின் கால்கள். ஜாக்கி எப்போது எழுந்து வந்தான் என்று தெரியவில்லை. சின்னவன் பக்கத்தில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தான்.

"மச்சான், பின்சக்கரம் ஆடுது."

"ஆடட்டும். உள்ள போ."

"ஆடுதுடா, பாரு. நட்டு கழண்டு வருது. சக்கரம் பிடுங்கிக்கிச்சுன்னா வண்டி அப்படியே இந்தப் பக்கம் சாயும். பிள்ளைங்க நடந்து வருதுங்க."

"உனக்குப் பைத்தியமா? சத்தியம் பண்ணியிருக்கே!"

நட்டு ஆடினால் பொறுக்காதது ஜாக்கியின் பழைய வியாதி. ஒரு தடவை கல்யாண மாப்பிள்ளையின் காரைத் தெரு முனை வரை துரத்திக்கொண்டு ஓடினான். மாப்பிள்ளை, காசு கொடுக்கவில்லையோ என்று பயந்து இறங்கி வந்தார். இவன் நாலு நட்டையும் இறுக்கிவிட்டு, நல்லா இருங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். சின்னவன் இப்போது அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தான். சட்டை கிழிந்தது. ஜாக்கி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஷட்டருக்கு அடியில் புகுந்து வெளியே ஓடினான்.

"நிறுத்து! வண்டிய நிறுத்து!"

கையில் இரும்போடு பஸ்ஸை நோக்கி ஓடிவரும் ஆளைத்தான் கூட்டம் பார்த்தது. "அவன்டா! பஸ்ஸை உடைக்க வர்றான்டா!" என்று ஒருவன் கத்தினான். முதல் அடி கொடிக் கம்பால் வாயில் விழுந்தது. ஜாக்கி விழாமல் நின்று, பின்சக்கரத்தைக் கை காட்டினான். "நட்டு" என்றான். பல்லும் ரத்தமுமாக வந்தது சொல். இரண்டாவது அடியில் முழங்கால் மடங்கியது. ஸ்பேனரைக் கையிலிருந்து பிடுங்கினார்கள். விரல்கள் விடவில்லை. செருப்புக் காலால் விரல்களை மிதித்துப் பிடுங்கினார்கள்.

சின்னவன் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனான். "விடுங்கடா! அந்த பஸ்ல செத்தது என் அண்ணன்டா! நான் சொல்றேன், விடுங்கடா!"

அது மட்டும் அவர்கள் காதில் விழுந்தது. "டேய், தம்பிடா! டிரைவரோட தம்பி!" அடி நின்றது. யாரோ அவனைக் கட்டிப் பிடித்தார்கள். வியர்வையும் சாராயமும் நாறும் ஒரு முகம் அவனுக்காகக் கண்ணீர் விட்டது. "உனக்குத்தான்யா உரிமை. ஓங்கி ஒண்ணு போடு" என்று ஸ்பேனரை அவன் கையில் வைத்தார்கள்.

பிடியில் ட்யூப் ரப்பர் சூடாக இருந்தது. சின்னவன் அதைத் தூர எறிந்துவிட்டு ஜாக்கியின் மேல் கவிழ்ந்து விழுந்தான்.

"பாவம், தாங்க முடியல அவருக்கு. பார்த்துத் தூக்குங்க." நாலைந்து பேர் அவனை அக்குளில் கை கொடுத்து, நோகாமல் தூக்கி ஓரத்தில் உட்கார வைத்தார்கள். ஒருவன் தண்ணீர் பாட்டில் நீட்டினான். அவன் எழுந்திருக்க முடியாதபடி தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். எறிந்த ஸ்பேனரை ஒருவன் எடுத்து வந்தான். ஜாக்கியின் தலையில் இரும்பு விழும் சத்தம் சின்னவனுக்குத் தனியாகக் கேட்டது. அண்ணி பஸ்ஸின் படியில் இருந்து கீழே குதித்து, விழுந்து, எழுந்து ஓடி வந்தாள். "எனக்குக் கூடப்பிறக்காத அண்ணன்டா அது! எங்களைக் காப்பாத்தின மனுசன்டா!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். மைக்கில் பேச்சு நிற்கவில்லை. வேட்பாளர் கீழே பார்க்காமலே, "பார்த்தீங்களா, பார்த்தீங்களா, நம்ம கண்ணு முன்னாலயே வர்றாங்க!" என்றார்.

போலீஸ் மெதுவாக வந்தது. பஸ்ஸைத் தாக்க ஆயுதத்தோடு வந்தவனைப் பொதுமக்கள் தடுத்தார்கள் என்று சொன்னது. ஆயுதம் எங்கே என்று கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பஸ் கடை வாசலுக்குத் திரும்பி வந்தது. ரோட்டில் ரத்தத்தின் மேல் மணல் கொட்டியிருந்தார்கள். சின்னவன் மணலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அண்ணியும் ஜாக்கியின் பெண்டாட்டியும் காத்திருந்தார்கள். கடையில் மாட்டியிருந்த ஜாக்கியின் நல்ல சட்டையை எடுத்துப் போக அவன் வந்திருந்தான்.

"சக்கரம் தடதடங்குதுப்பா" என்றார் பொறுப்பாளர். குரல் தணிந்திருந்தது. "டிராக்டர்காரன் இழுக்க மாட்டேங்கிறான். ரெண்டு நட்டைக் காணோம். நேத்து நடந்தது நடந்துபோச்சு. இதை மட்டும் பார்த்துக் குடுத்துடு. அடுத்த ஊர்ல ஜனங்க காத்துட்டிருக்காங்க."

பஸ்ஸின் முன்னால் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சின்னவன் அவளைப் பார்த்ததே இல்லை. அவள் மடியில் அண்ணனின் போட்டோ இருந்தது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு சிறுபிள்ளைகள் சிவப்பு எழுத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றன.

"தள்ளிப் போங்க" என்று சின்னவன் அவர்களை விரட்டினான். எழுந்து உள்ளே போய் டப்பாவில் தேடி இரண்டு நட்டு எடுத்து வந்தான். சக்கரத்தின் முன் உட்கார்ந்து, கையாலேயே திருகி ஏற்றினான். பிறகு நிமிர்ந்தான்.

"ஸ்பேனர் வேணும்."

"உன் கடையில இல்லையா?"

"இருந்தது ஒண்ணுதான்."

பொறுப்பாளர் திரும்பிப் பார்த்தார். அது பஸ்ஸின் முகப்பில், அண்ணனின் பெரிய படத்துக்குக் கீழே, சிவப்புத் துணியில் குறுக்காகக் கட்டித் தொங்கியது. பக்கத்தில் அட்டை: 'நேற்று மீண்டும் நம்மைக் கொல்ல வந்த ஆயுதம்.'

அவர் தாடையைச் சொறிந்தார். "சரி, அவுத்துக் குடு" என்று பெயிண்டரிடம் சொன்னார். "கறையைத் தொடைச்சிடாதப்பா. சீக்கிரம் திருப்பிக் குடு."

சின்னவன் அதை வாங்கினான். ட்யூப் ரப்பர் காய்ந்து விறைத்திருந்தது. ஒரு நட்டை இறுக்கினான். அதற்கு நேர் எதிரில் உள்ளதை இறுக்கினான். மாற்றி மாற்றி, எல்லாவற்றையும், தன் முழு பாரத்தையும் போட்டு இறுக்கினான். மூக்கில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

முடிந்ததும் பெயிண்டர் கை நீட்டினார். ஸ்பேனரை அதே இடத்தில் கட்டி, அட்டை கோணாமல் சரிசெய்தார். டிராக்டர் உறுமியது.

"கொஞ்ச தூரம் ஓடினதும் நிறுத்தி..." என்று சின்னவன் சொல்லத் தொடங்கினான். அதற்குள் மைக்கைப் போட்டுவிட்டார்கள்.