உப்புப் பழி

பஸ் ஓட்டும் அவனுக்கு முதுகுவலி நிரந்தரம். வலி மாத்திரை எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். மாமியார் வீட்டோடு வந்து தங்கிய பிறகு, அதில் பாதி அவருடைய முழங்காலுக்குப் போனது.

மாமியாருக்கு இதயம் பலவீனம். உடம்பில் நீர் சேராமலிருக்க யூரின் போகிற மாத்திரை, உப்பு குறைத்த சாப்பாடு. அவன் மனைவி இதிலெல்லாம் கறார். "டாக்டரைக் கேக்காம வலிக்கு ஒண்ணும் கிடையாதும்மா" என்று சொல்லிவிடுவாள். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்துக் குளியலறைக்குப் போவதை அவனால் பார்க்க முடியவில்லை.

"இதைப் போட்டுப் பாருங்க அத்தை. அவகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க."

"நீங்க நல்லா இருக்கணும் மாப்பிள்ளை."

மறுநாள் வாசல் கதவை மாமியாரே வந்து திறந்தார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அதிலிருந்து வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவர் தலையணைக்கடியில் மாத்திரை வைத்துவிட்டுப் போனான்.

கொஞ்ச நாளில் அவர் கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. யூரின் குறைந்தது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது.

"உப்பு டப்பாவைத் தொட்டியா?" என்று அம்மாவைக் கேட்டாள் அவன் மனைவி.

"இல்லடி."

"பொய் சொல்லாதே. திருடித் தின்னாம கால் இப்படி வீங்குமா?"

அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மாத்திரை கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் வீக்கம் என்று மனதில் உறுத்தியது. முழங்கால் மாத்திரைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மனைவி உப்பு டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினாள். மாமியார் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

இரண்டு நாள் கழித்து அவரால் படுக்கவே முடியவில்லை, மூச்சு முட்டியது. மூவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

மாமியார் அவனை ஒரு முறை பார்த்தார். "இல்லைங்க. உப்புதான். திருட்டுத்தனமா தின்னுட்டேன்."

டாக்டர் யூரின் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதத் தொடங்கினார். அவன் சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அத்தை உப்பு தின்னல டாக்டர். நான்தான் இதைக் கொடுத்தேன். தினமும்."

டாக்டர் பேனாவை மூடினார்.

"நல்ல வேளை சொன்னீங்க. புரோஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு உடம்புலயே ஊறுது. மூட்டுல வலியைக் கூட்டுறதும் அதுதான். ஆனா கிட்னியில அது நல்லது பண்ணுது. ரத்தக்குழாயை விரிச்சு வெச்சு, உப்பும் தண்ணியும் வெளியே போக உதவுது. இதயம் பலவீனமானவங்களோட கிட்னி அதை நம்பித்தான் ஓடுது. இந்த மாதிரி வலி மாத்திரை அதை எல்லா இடத்துலயும் நிறுத்திடும். அப்புறம் யூரின் மாத்திரையும் சரியா வேலை செய்யாது. கொஞ்சூண்டு உப்பு சாப்பிட்டாலும் உள்ளேயே தங்கிடும்."

மனைவி அவன் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்கம்மாவை நான் திருடின்னு சொன்னேன். நீங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."



வலி மாத்திரையை நிறுத்தி, ஊசி போட்டதும் நீர் மெல்ல மெல்ல இறங்கியது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் கிட்னி பழைய நிலைக்கு முழுசாகத் திரும்பவில்லை என்று டாக்டர் சொன்னார். மகள் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனிடம் தேவைக்கு மட்டும் பேசினாள்.

தனியாக இருந்தபோது அவன் மாமியாரிடம் கேட்டான்: "பழியை ஏன் அத்தை நீங்க ஏத்துக்கிட்டீங்க?"

"என் வலி உங்களுக்குத்தானே தெரிஞ்சுது மாப்பிள்ளை. உங்களை எப்படிக் காட்டிக் கொடுப்பேன்?"

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை.

உடம்பு கொஞ்சம் தேறியதும் லீவு போட்டு மாமியாரை மூட்டு டாக்டரிடம் கூட்டிப் போனான். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. படியேறும்போது அவர் வலியில் முனகினார். கொடுக்க அவனிடம் எதுவும் இல்லை. தோளைக் கொடுத்தான். மனைவி பேசாமல் முன்னால் நடந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.