ஜானுக்கு வாங்கிய சட்டை

“ஜான் வந்திட்டாரோ புள்ள? வாய்க்கரிசி போடத் தொடங்கப் போறம்.”

சித்தப்பா மூன்றாவது தடவையாகக் கேட்டார். மொன்ட்ரியால்-நோரில் அந்த மண்டபத்தைப் பகல் ஒரு மணிவரைதான் தந்திருந்தார்கள். பெட்டிக்குள் தங்கராசா பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாகப் படுத்திருந்தார். தலைமாட்டில் நின்ற மகள் சுதாஜினி வாசலைப் பார்த்தாள்.

“இன்னும் இல்லை சித்தப்பா. வருவார்.”

“அவரும் போடத்தான் வேணும். அண்ணைக்கு ஒரு கூடப்பிறப்பு மாதிரி இருந்த மனுசன்.”

அந்த ஜானை அவர்கள் யாருமே கண்டதில்லை. ஆனாலும் வீட்டில் அவருக்கு இருந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. அம்மா காலமானபின் இரண்டு வருடம் அப்பா யாரோடும் கதைக்கவில்லை. டவுன்டவுனில் ஓர் உணவகத்துச் சமையலறையில் மரக்கறி வெட்டுவார், வீட்டுக்கு வருவார், சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஒருநாள் தொலைபேசி அடித்தது. எடுத்தவர் வாயெல்லாம் பல்லாக “ஜான்!” என்றார். “ஆரப்பா அது?” என்று சுதாஜினி கேட்டாள். மனிதர் ஒரு கணம் முழித்தார். “ஜான்தான்” என்றார். வேலையிடத்துச் சிநேகிதன் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்.

அதன்பிறகு ஒன்பது வருடம், தொட்டதெல்லாம் ஜான். கோடை ஞாயிறுகளில் இல்-பிசார் தீவுக்குப் போய், ஆற்றைக் கடந்து லாவாலுக்குப் போகிற படகில் ஜானோடு அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருவார். மீன் பிடிக்கிறார்களாக்கும் என்று நினைத்தாள். ஒன்பது வருடத்தில் ஒரு மீன்கூட வீட்டுக்கு வரவில்லையே என்று அப்போதாவது யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை. அப்பாவைத் திருப்பித் தந்த புண்ணியவான் என்று ஒரு நத்தார் பண்டிகைக்கு நீலக் கட்டம் போட்ட சட்டை வாங்கி அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். சிரிப்பை அடக்க அப்பா பட்ட பாடு இன்றைக்கும் அவளுக்கு நினைவிருந்தது.

ஆனால் கடைசி நாளில் அந்த ஜான்மேல் அவளுக்குப் பொறாமை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்மூடிக் கிடந்தவரின் காதருகே குனிந்து “அப்பா” என்றாள். “ஜான்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அப்பா, நான் சுதா.” “ஜான்.” பகல் முழுக்க அதுதான். கடைசிச் சொல்லும் அதுவாகவே போயிற்று. பெற்ற மகள் கையைப் பிடித்துக்கொண்டிருக்க மனிதர் சிநேகிதனைத் தேடுகிறாரே என்று அவளுக்கு ஆறவில்லை. அப்பாவின் தொலைபேசி சார்ஜ் இல்லாமல் அவளுடைய கைப்பைக்குள்ளேயே கிடந்தது. சார்ஜ் போட்டு ஜானுக்குச் சொல்லியிருக்கலாம். வீம்புக்குச் சொல்லவில்லை.

நேற்றுத்தான் அதற்குச் சார்ஜ் போட்டு, ‘ஜான்’ என்று கிடந்த இலக்கத்துக்கு அடித்தாள். எடுத்தது ஒரு பெண் குரல். “ஜான்!” என்றது, அப்படி ஒரு சந்தோஷத்தோடு. ஜானுடைய மனைவியாக்கும் என்று எண்ணி, பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னாள். அந்தக் குரல், எங்கே, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டது.

இப்போது கதவு திறந்தது. அறுபது தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண், குட்டையாக வெட்டிய நரைமுடி, கறுப்புக் கோட். தனியாக வந்தாள். சுதாஜினி எதிரே போனாள்.

“ஜான் வரவில்லையா?” என்று பிரெஞ்சில் கேட்டாள்.

வந்தவள் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள். உள்ளே நீலக் கட்டம் போட்ட சட்டை.

“நான் சோல்மாஸ். அசர்பைஜானில் பிறந்தவள். உங்கள் அப்பா வேலைசெய்த சமையலறையில் மா பிசைந்தவள். சட்டை நல்ல சட்டை. கைதான் கொஞ்சம் நீளம்.”

நாட்டின் பெயரிலும் ஒரு ஜான் இருந்தது. சுதாஜினிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“அப்போ ஜான் யார்?”

“ஜான் ஆள் இல்லை” என்றாள் சோல்மாஸ். “எங்கள் மொழியில் உயிர். உடம்புக்கும் அதே சொல்தான். எங்கள் கவிதைகளில் காதலி கேட்க முன்னமே உயிரை எடுத்து நீட்டுகிறவன்தான் காதலன். வீட்டிலும் அப்படித்தான். யாராவது கூப்பிட்டால் ‘என்ன’ என்று கேட்கமாட்டோம். ‘ஜான்’ என்போம். என் உயிர், இந்தா, எடுத்துக்கொள் என்று அர்த்தம்.” அவள் இலேசாகச் சிரித்தாள். “இதைச் சொன்னபோது உங்கள் அப்பா வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ‘மனைவி கூப்பிட்டபோதெல்லாம் நான் என்ன, என்ன என்றுதான் கேட்டேன்’ என்றார். அன்றைக்கே பழகிக்கொண்டார். பக்கத்தில் இருந்தாலும் சும்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், அந்தப் பதிலைக் கேட்க. அந்தப் படகில் நாங்கள் செய்தது அவ்வளவுதான்.”

சுதாஜினியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. “கடைசி நாள் முழுக்க அப்பா ஜான், ஜான் என்றார். உங்களைத்தான் கேட்டிருக்கிறார். நான் உங்களுக்குச் சொல்லவில்லை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.”

சோல்மாஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

“தானாகச் சொன்னாரா? இல்லை, நீங்கள் ஏதாவது சொன்னபிறகா?”

“நான் ‘அப்பா’ என்று கூப்பிட்டேன்.”

“ஒவ்வொரு முறையும்?”

“ஒவ்வொரு முறையும்.”

“அப்படியென்றால் அவர் என்னைத் தேடவில்லை, மகளே. நீங்கள் கூப்பிட்டீர்கள், பதில் சொல்லியிருக்கிறார்.”

சுதாஜினி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பதில் தனக்கே வேண்டும் என்று இந்த மனுசி வைத்துக்கொண்டிருக்கலாம். கேட்பார் யாருமில்லை. அதைத் தூக்கித் தன் கையில் தந்துவிட்டாளே என்று நினைக்க நினைக்க நெஞ்சு நிறைந்து வழிந்தது. கண்ணைத் துடைத்து நிமிர்ந்தபோது சோல்மாஸ் கோட்டை இழுத்துப் பூட்டியபடி கடைசி வரிசைக் கதிரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.

சித்தப்பா அரிசித் தட்டை எடுத்துவிட்டார். “நேரமாகுது புள்ள. ஜான் வந்திட்டாரோ, இல்லையோ?”

“சோல்மாஸ்!” என்று சுதாஜினி கூப்பிட்டாள்.

“ஜான்” என்றாள் அவள், திரும்பாமலே, பழக்கதோஷத்தில்.

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. சுதாஜினி போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஓம் சித்தப்பா. வந்திட்டா.”

சித்தப்பா அந்தப் பெண்ணைப் பார்த்தார், சுதாஜினியைப் பார்த்தார், பெட்டியில் கிடந்த அண்ணையையும் ஒருதரம் பார்த்தார். பிறகு தட்டை நீட்டினார்.

சோல்மாஸ் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு வந்து, அரிசிக்குக் கை நீட்டினாள். சட்டைக் கை சரிந்து விரல்களை மூடியது. சுதாஜினி அதை இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள்.