நோட்டு ஆடிய ஆட்டம்

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு வரும் காலை பஸ்ஸில், கண்டக்டர் கோலப்பனின் தோல்பைக்குள் ஜெபசீலனுக்கு ஒரு துண்டுச் சீட்டு வரும். அதில் இரண்டு எண்கள் மட்டும் இருக்கும். சதுரங்கப் பலகையின் அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் அவனும் முத்துநாயகமும் எண் கொடுத்திருந்தார்கள். எந்தக் கட்டத்துக் காய் எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்பதே சேதி. ஜெபசீலனின் பதில் சாயங்கால பஸ்ஸில் போகும். நாளுக்கு ஆளுக்கொரு நகர்த்தல்.

இருவரும் மாலை வகுப்பில் ஒன்றாகத் தட்டச்சு படித்தவர்கள். சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த முத்துநாயகம், நான்கு மாதமாகத் தக்கலை வீட்டில் கட்டிலோடு கிடந்தான். ஜெபசீலனுக்குப் பகலில் ஜவுளிக்கடையில் பில் எழுதும் வேலை. மாலையில் வகுப்பு. பரீட்சை நெருங்க நெருங்க, சீட்டைப் பிரிப்பதையே அவன் தள்ளிப்போட்டான். எதை நகர்த்தினாலும் தப்பாகிவிடுமோ என்று யோசித்தே ஒரு மணி நேரம் போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் பத்திரிகையில் ஒரு செய்தி பார்த்தான். சதுரங்கம் ஆடும் கணக்கு யந்திரத்துக்குச் சீமையில் விதிகள் எழுதுகிறார்களாம். விதிகள் இருந்தால் போதுமே, யந்திரம் எதற்கு என்று அவனுக்குத் தோன்றியது. நோட்டில் கோடு கிழித்து எழுதினான். ராணிக்கு ஒன்பது, யானைக்கு ஐந்து, குதிரைக்கு மூன்று. எந்த நகர்த்தலில் புள்ளி அதிகம் கிடைக்குமோ அதை ஆடு. சமமாக வந்தால் இடது ஓரக் காலாளை ஒரு கட்டம் தள்ளு.

பன்னிரண்டாம் நகர்த்தலிலிருந்து நோட்டு சொன்னதை மட்டுமே அனுப்பினான். ஐந்து நிமிட வேலை. பதினேழு நாள் அப்படியே போயிற்று.

பதினெட்டாம் நாள், சனிக்கிழமை, சீட்டில் எண்களுக்குக் கீழே பென்சிலால் எழுதியிருந்தது: ‘வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா? உன் ஆட்டம் பயந்து பயந்து வருகிறதே.’

“என்னடே, மொகம் செத்துப் போச்சு? ராணிய வெட்டிப்புட்டானா?” என்றார் கோலப்பன்.

“இல்ல அண்ணாச்சி.”

“சாயங்காலம் சீட்ட லேட்டாக்காத. அவனுக்க அக்கா பஸ் வாறதுக்கு முன்னாலயே ரோட்டுல வந்து நிக்குது.”

அன்று சாயங்காலம் அவன் எதுவும் அனுப்பவில்லை. மறுநாள் சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தக்கலைக்கு பஸ் ஏறினான். சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கினான். எந்த வாக்கியத்தில் ஆரம்பித்தாலும் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்வதாகவே இருந்தது.

வாசலில் முத்துநாயகத்தின் அக்கா ராஜபாய் நின்றாள். “வா மக்கா, நல்ல நேரத்துல வந்தே. அந்த ஓரத்துக் காலாள நீ எதுக்குத் தள்ளினேன்னு மூணு நாளா என் உயிர எடுக்கான். எனக்கு என்ன எழவு தெரியும்? சோத்தக் கொண்டு வச்சா ஆறிப்போயி கெடக்கு.”

கட்டிலருகே முக்காலியில் பலகை இருந்தது. முத்துநாயகம் தலையணையில் எழும்பிச் சாய்ந்தான். “ஏலே, வந்தியா? நீ வாயத் தொறக்காத, நானே சொல்லுதேன்.” தலையணைக்கடியிலிருந்து நாலைந்து தாள்களை உருவினான். அந்தக் காலாளுக்குப் பின்னால் இருக்கக்கூடிய மூன்று திட்டங்களை, நகர்த்தல் நகர்த்தலாக எழுதி வைத்திருந்தான். “மூணாவதுதான உனக்க திட்டம்? பயந்தவன் மாதிரி நடிக்கே, கள்ளப்பயலே!”

தாள்களைப் பார்க்க முடியாமல் ஜெபசீலன் தரையைப் பார்த்தான். “திட்டம் ஒண்ணும் இல்லடே” என்று நோட்டை நீட்டினான். எல்லாவற்றையும் சொன்னான்.

முத்துநாயகம் விதிகளைப் படித்து முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டான்.

“எதுலேருந்து?”

“பன்னெண்டு.”

“பதினேழு நாளு. வீட்டுல கஷ்டமான்னு கேட்டேனே, அது நோட்டுகிட்டயா?”

“பரீட்ச வந்ததுனால...”

“செரி.”

“பன்னெண்டுக்கே திரும்பப் போவோம்டே. இனி நானே ஆடுதேன்.”

“வேண்டாம். உனக்கு நேரம் கெடயாது. நோட்ட இங்கன வச்சுட்டுப் போ. அதுக்குப் பரீட்சையும் இல்ல, கடையும் இல்ல.” குரலில் கோபம் இல்லை. “எப்பிடிப் பாக்கணும், அத மட்டும் சொல்லித் தா.”

ஜெபசீலன் சொல்லிக் கொடுத்தான். முத்துநாயகம் ஒரு புள்ளியைத் தவறாகக் கூட்டியபோது, “இல்லடே, குதிரைக்கு மூணு” என்று அவசரமாகத் திருத்தினான். திருத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஜெபசீலன் நேற்று அனுப்பாத கறுப்பு நகர்த்தலை அந்தக் கணக்குப்படி ஆடிவிட்டு, முத்துநாயகம் தன் வெள்ளைக் காயை நகர்த்தினான். நோட்டைப் பார்த்தான், விரல்விட்டு எண்ணினான், கறுப்புக் காயையும் தானே நகர்த்தினான். அது அசட்டு நகர்த்தல். அந்த இடத்தில் தான் என்ன ஆடியிருப்போம் என்று ஜெபசீலனுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. கேட்டால் சொல்லலாம் என்று முக்காலியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

முத்துநாயகம் கேட்கவில்லை. அடுத்த வெள்ளைக் காயைத் தொட்டான்.