விற்காத வாளிகள்

அப்பாவைக் குளிப்பாட்ட வாளி போதவில்லை என்று அம்மா சொன்னபோது ரூபினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முப்பது வருடம் பிளாஸ்டிக் வாளி செய்து விற்ற கமலநாதன் வீட்டில் இருந்ததே இரண்டு வாளிதான். அதில் ஒன்றுக்குக் கைப்பிடி கிடையாது.

"சுடுகாட்டுலேருந்து வர்றவங்களும் கால் கழுவணும். ஃபேக்டரிலேருந்து ஒரு பத்து எடுத்துட்டு வாங்க," என்றாள் அம்மா. "சடங்கு செய்யப் பண்டாரம் வர்றதுக்குள்ள வந்துடுங்க."

தம்பி யுகேந்திரன் வேனை எடுத்தான். அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியற்காலையில்தான் எல்லைப் பாலம் கடந்து வந்திருந்தான். மாசாய் சாலையில் காலை ஷிப்டுக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள் வேனை உரசிக்கொண்டு பறந்தன.

"அக்கா, நான் வேலைய விடப் போறேன். இன்னிக்கே பாஸுக்கு மெசேஜ் போட்டுடறேன்."

"எதுக்குடா?"

"ஃபேக்டரிய யாரு பாக்குறது? இந்த வருசமும் லாபம், அக்கா கணக்குக் காட்டுனான்னு அப்பா போன வாரம் போன்ல சொன்னாருலா. அவ்வளவு சந்தோசம் அவருக்கு."

ரூபினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பாவின் கணக்கு அவள் பொறுப்பு. ஒவ்வொரு வருடமும் இரண்டு விதமாகப் போடுவாள். ஒன்றில் வாடகை, மெஷின் தேய்மானம், சூப்பர்வைசர் சம்பளம் எல்லாம் செய்த வாளிகள் அத்தனையின் தலையிலும் பங்காக ஏறும். விற்காத வாளியின் பங்கு அதோடு சேர்ந்து கிடங்கிலேயே தங்கிவிடும், அந்த வருடச் செலவில் தலைகாட்டாது. ஆடிட்டர் கேட்பது அதைத்தான். இன்னொன்றில் அந்தச் செலவு முழுவதும் அந்தந்த வருடத்தின் மேலேயே விழும். அது முதலாளியான அப்பாவின் பார்வைக்கு மட்டும். ஆனால் அதை அவள் அவரிடம் காட்டவே இல்லை. முதல் மாரடைப்புக்குப் பிறகு, மனசு வருந்தக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் கணக்கிலும் பொய் கிடையாது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

லாபம் என்றதும் அப்பா இன்னும் அதிகமாகச் செய்தார். அதிகம் செய்யச் செய்ய ஒரு வாளிக்கு விழும் பங்கு குறைந்தது, காகிதத்தில் லாபம் கூடியது. வாங்கத்தான் ஆளில்லை.

ஃபேக்டரி வாசலில் இறங்கியதும் யுகேந்திரன் போனை எடுத்துத் தட்டத் தொடங்கினான்.

"அனுப்பாத. முதல்ல உள்ள வா," என்று ரூபினி கிடங்குக் கதவைத் தள்ளினாள்.

சிவப்பும் நீலமுமாக வாளிகள் கூரை வரை நின்றன. நடக்கக்கூட வழியில்லை. கீழே இருந்தவற்றில் தூசி படிந்திருந்தது.

"அலமாக்! எல்லாம் ஆர்டரா?"

"ஆர்டரே இல்லடா. அப்பா சொன்ன லாபம் இதுதான்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"இன்னொரு கணக்கு இருக்கு. அதுல ரெண்டு வருசமா நட்டம். அவருகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. உன்கிட்டயும் சொல்லாம இருந்தா நான் மனுசியே இல்ல."

"அப்பாவுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

தான் செய்தது சரியா தப்பா என்று இப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. அவன் ஏதாவது திட்டினால் தேவலை என்றிருந்தது. அவன் திட்டவில்லை. மெசேஜை அனுப்பாமலே போனைச் சட்டைப்பைக்குள் போட்டான், ஏணியை இழுத்து வந்து மேலே ஏறி, தூசி இல்லாத வாளிகளாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கீழே கொடுத்தான். அவள் வாங்கி அடுக்கினாள்.

திரும்பும்போது ரூபினி ஓட்டினாள். பின்னால் வாளிகளோடு உட்கார்ந்திருந்த யுகேந்திரன், வீடு வரும்வரை, ஒவ்வொரு வாளியின் அடியிலும் ஒட்டியிருந்த விலைச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டே வந்தான்.