கேடயம் வாங்கப் போனவரின் குளிர்

கொசு ஒழிப்பு அதிகாரிக்குக் குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. மறுநாள் மாலை விழா. 'மலேரியா இல்லாத ஊர்' என்று கேடயம் வாங்கப் போகிற மனிதர் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். "சந்தோஷ நடுக்கம்டி இது," என்றார்.

மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கிற டாக்டர். சந்தோஷத்துக்கு உடம்பு இப்படிக் கொதிக்காது என்று அவளுக்குத் தெரியாதா? விரலில் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவி எடுத்துப் போய்ப் பார்த்தாள். சிவப்பணுக்களுக்குள் குட்டிக் குட்டி மோதிரமாகக் கிருமி.

"மலேரியாதாங்க. மாத்திரையை முழுங்குங்க. விட்டா மூளைக்கு ஏறி ஆளையே கொண்டுபோயிடும்."

முழுங்கினால் வந்ததை ஒத்துக்கொண்டதாகிவிடுமே! அவள் தலை மறைந்ததும் மாத்திரையை ஜன்னலோரப் பூந்தொட்டிக்கு ஊட்டிவிட்டார்.

மறுநாள் காய்ச்சல் தணிந்தது. மறுபடி குத்திப் பார்த்தால் ஒரு மோதிரம்கூடக் கண்ணில் படவில்லை.

"பாத்தியா, எனக்கு வரவே இல்ல!"

"அது பதுங்கியிருக்குங்க. அணுவுக்குள்ள நுழையறப்பவே அதோட தோலையே இழுத்துப் போத்திக்கும். உள்ள உக்காந்து வீட்டுக்காரன் சோத்தையே தின்னு வளரும். மண்ணீரல் பக்கம் போனா காவல்காரன்கிட்ட மாட்டிக்குவோம்னு, அணுவோட வெளிச்சுவர்ல முண்டுமுண்டா முளைக்கவச்சு, ரத்தக்குழாய் ஓரமா ஒட்டிக்கும். விரல்ல குத்துனா ஊரே சுத்தம்னு தோணும்."

அதிகாரி அசந்துபோனார். சோதனைக் குழு வந்தபோது காய்ச்சல்காரர்களை ஆஸ்பத்திரிப் பின்வார்டில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, முன்வார்டில் வெள்ளை விரிப்பு போட்டுக் காட்டியவராயிற்றே! "கெட்டிக்காரப் பய. நம்ம ஆபீசுல இருந்தா பதவி உயர்வே குடுத்திருப்பேன்."

"அதான் உடம்புலயே இடம் குடுத்திருக்கீங்களே!"

மாலையில் அவர் கிளம்பிப் போனபின், செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள் மண்ணில் மாத்திரையைக் கண்டாள். அள்ளிக்கொண்டு ஓடினாள், கம்பளியோடு.

மேடையில் கேடயம் கைக்கு வந்த நேரம் உள்ளே பதுங்கியிருந்ததெல்லாம் வெடித்துக் கிளம்பியது. "நம்ம ஊர்ல மலேரியா இ... இ... இ..." பல் தந்தியடித்தது. எவ்வளவு உருக்கம் பாருங்கள் என்று சபை கைதட்டியது! கேடயம் கையிலிருந்து நழுவ, ஆளும் சரிந்தார். கம்பளியைப் போர்த்தித் தாங்கிப் பிடித்தவள் மனைவிதான்.

முன்வார்டு விருந்தாளிகள் பார்ப்பதற்காக விரித்தது. யாரையும் படுக்கவிடக் கூடாது என்பது அவர் போட்ட உத்தரவு. ஆகவே பின்வார்டுக்குத்தான் தூக்கிப் போனார்கள்.

பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்த்தார். "வாங்க சார், வாங்க. உங்களையும் ஒளிச்சு வச்சுட்டாங்களா?"

அதிகாரி கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டினார். மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "எங்க எல்லாரையும் கணக்குல சேத்துடும்மா," என்றார்.

"சேக்கறேன். முதல்ல முழுங்குங்க."

முழுங்கினார்.

"வாயைத் திறந்து காட்டுங்க."