கருமாதிக் கறி

தங்கையன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவன் பையில் இரண்டு தகர டப்பாக்கள் இருந்தன. தஞ்சாவூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி பங்களாவில் அவன் சமையல்காரன். அங்கிருந்த வெளிநாட்டு டாக்டரம்மாவுக்குக் கிறிஸ்துமஸுக்கென்று அவள் நாட்டிலிருந்து அனுப்பிய பார்சல், கப்பல் ஏறித் தை பிறந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. உப்பிலிட்டு வேகவைத்து அடைத்த பன்றித்தொடைக் கறி. அண்ணன் கருமாதிக்கு லீவு கேட்டு நின்றவனிடம் அவள் அலமாரியைத் திறந்து இரண்டையும் எடுத்துக் கொடுத்தாள்.

அண்ணன் காத்தான் செத்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது. அறுபத்தேழில் ஆட்சி மாறி இரண்டு வருஷம் ஓடியும் திருவாரூர்ப் பக்கத்து வயல்களில் கூலித் தகராறு ஓயவில்லை. அறுக்கும் ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் கூலியில் அரைப்படி கூடுதலாகக் கேட்டுக் காத்தானின் தெருவே அறுவடைக்கு இறங்காமல் நின்றது. மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். மறிக்கப் போன இடத்தில் காத்தானின் தலையில் தடி விழுந்தது. வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும்போதே உயிர் போய்விட்டது. அதோடு வெளியூர் ஆட்களும் திரும்பிப் போய்விட்டார்கள்; கதிர் அறுபடாமல் நின்றது.

தங்கையனுக்குச் சேதி எட்டியபோது புதைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அப்புறமும் அவன் உடனே புறப்படவில்லை. பயம். ஆறு வருஷத்துக்கு முன் மிராசுதாரின் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் தன்னைக் களத்தில் வைத்து அறைந்த அன்று ஊரை விட்டுப் போனவன் அவன். "நீ போ. நான் இங்கதான் நிப்பேன்" என்று சொன்ன காத்தான் அதற்குப் பிறகு அவனோடு பேசவே இல்லை.

ஆற்றங்கரையில் கருமாதிச் சடங்கு முடிந்தது. மறுநாள் கறியோ மீனோ கவிச்சி சமைத்துப் படைத்துத் தீட்டுக் கழிப்பது அந்தத் தெரு வழக்கம். ஆனால் ஒரு மாதமாக வேலை இல்லை. எல்லா வீட்டிலும் கஞ்சி. சேவல் என்று ஒன்று தெருவில் மிச்சமில்லை. தங்கையன் டப்பாக்களை எடுத்து அண்ணி வேம்புவின் முன்னால் வைத்தான். வந்ததிலிருந்து அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

டப்பாவைத் திறந்ததும் உறைந்த சாற்றுக்குள் வெளிறிய சிவப்பில் கறி கிடந்தது. வேம்பு ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டாள்.

"உப்புதான் தெரியுது. வெந்து போன கறியில இனிமே என்னத்த ஏத்துறது?"

அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"ஏத்தலாம் அண்ணி. திரும்ப வேக வச்சாத்தான் சக்கையாப் போயிரும். வெறும் சூடுதான் ஏறணும், மெதுவா. மசாலா மேலேருந்து இறங்கணும்."

"அந்த அம்மா வீட்டுல எப்படிச் செய்வ?"

"சர்க்கரையும் கிராம்பும் வச்சு."

"அவரு கறியில இனிப்பத் தொடமாட்டாரு." அவள் எழுந்து அம்மியைக் கழுவினாள். "மொளகு இருக்கு. மல்லி கொஞ்சம் கெடக்கு. வெங்காயம் பக்கத்து வீட்டுக் காளியம்மாகிட்ட கேட்டு வாங்கியாறேன்."

தங்கையன் கறியின் மேலிருந்த உப்பைத் தண்ணீரில் அலம்பினான். கொழுப்புப் பக்கத்தில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினான். வறுத்து அரைத்த மிளகும் மல்லியும் பூண்டும் அந்தக் கீறல்களுக்குள் இறங்கும்படி விரலால் அழுத்தித் தேய்த்தான். உப்பு போடவில்லை. சட்டியில் சின்ன வெங்காயத்தை வதக்கி, டப்பாவில் உறைந்திருந்த சாற்றையும் புளித்தண்ணீரையும் ஊற்றி, கறியை அதில் இருத்தி மூடினான். அடுப்பில் விறகை இழுத்துவிட்டுத் தணலை மட்டும் விட்டான். கொஞ்சம் தணலை அள்ளி மூடியின் மேலும் வைத்தான்.

இருவரும் அடுப்படியில் உட்கார்ந்தார்கள். அவ்வப்போது அவன் மூடியைத் திறந்து, அடியிலிருந்த சாற்றை அகப்பையால் மொண்டு கறியின் மேல் ஊற்றினான்.

"சேதி கேட்ட அன்னிக்கே நீ வருவேன்னு பாத்தேன்" என்றாள் வேம்பு, அடுப்பைப் பார்த்தபடி.

"பயந்துட்டேன் அண்ணி."

"அவருக்கும் பயம்தான். மறிக்கப் போன அன்னிக்குக் காலையில சோறு எறங்கல அவருக்கு. ஆனா போனாரு."

தங்கையன் மூடியைத் திறந்தான். அண்ணனைப் பயம் அறியாத மனிதன் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தான். அதை வைத்தே, ஊரை விட்டு ஓடிய தன்னை மன்னித்தும் இருந்தான். அகப்பை கையிலேயே நின்றது. வேம்பு அதை வாங்கி, அவன் செய்தது போலவே சாற்றை மொண்டு ஊற்றினாள்.

கடைசியில் மூடியை எடுத்துவிட்டு அடுப்புக்குள் விறகைத் தள்ளினான். சாறு சுண்டி, மேல்பக்கம் கருஞ்சிவப்பாகிக் கீறல்கள் விரிந்தன. மிளகு வாசனை வாசலைத் தாண்டிப் போயிற்று. வெற்றிலை கனத்துக்கு மெல்லிசாக அரிந்தான். அப்போதுதான் தெருவில் சாப்பிட வரும் நாற்பது பேருக்கும் வரும். சட்டியில் தங்கிய சாற்றைக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள எடுத்து வைத்தான்.

படையல் இலையை வேம்பு விரித்தாள். "நீ வையி தம்பி. ஒன் கையால" என்றாள். வைத்தான். விழுந்து கும்பிட்டவன் எழுந்திருக்க வெகுநேரம் பிடித்தது.

விவசாயக் கூலிகள் சங்கத்துச் செல்லதுரை கடைசி ஆளாக வந்து உட்கார்ந்தார். ஒரு துண்டை மென்றுவிட்டு, "ரெண்டு டப்பாதானா இது, இத்தன பேருக்கும்?" என்றார். பிறகு, "பேச்சுவார்த்தைக்கு இன்னும் பத்து நாளாகுமாம். அதுவரைக்கும் தெருவுக்கே ஒரே அடுப்புல கஞ்சி காச்சலாம்னு இருக்கோம். காச்சத்தான் ஆள் இல்ல" என்றார்.

அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. வேம்புவும் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நான் காச்சுறேன்" என்றான் தங்கையன்.

இன்னும் பத்து நாள் லீவு கேட்டு டாக்டரம்மாவுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டான். பத்து நாள் பதினான்கு நாளாயிற்று. அரைப்படி கேட்டதில் கால்படிதான் கிடைத்தது. செல்லதுரை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அறுவடைக்கு ஆட்கள் இறங்கிய காலையில் வேம்பு அரிவாளோடு புறப்பட்டாள். தங்கையன் கஞ்சிக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் வரப்பில் நடந்தான். களத்து முனையில், அன்று அவனை அறைந்த அதே காரியக்காரர் நின்றிருந்தார். வழி அவருக்குப் பக்கத்தில்தான் போயிற்று. தங்கையன் குடத்தை இறக்காமல் நடந்தான்.