மூன்று பேருக்கு வந்த முடிவு

அக்காவின் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தபோது கஸ்தூரியின் போன் அடித்தது. டவுன் ஆஸ்பத்திரி நர்ஸ்.

"ரிசல்ட்டா?" என்றாள் சந்திரம்மாள், கண்ணைத் திறக்காமலே.

"ஆமாக்கா."

"வெளிய போவாத. இங்கியே பேசு."

சந்திரம்மாளுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று. ஒரு வருஷமாக உதிரம் பட்டுக்கொண்டிருந்தது. தீட்டு நிற்கிற வயசில் இப்படித்தான் இருக்கும் என்று யாரிடமும் சொல்லாமல் துணியைத் துவைத்துப் போட்டவள். அடி அண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்களுக்கு மோர் விற்பாள். இடுப்பு வலியோடு நின்றபடியே விற்றாள். டாக்டர் பார்த்தபோது எலும்பு வரைக்கும் போயிருந்தது.

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிய அன்றைக்கே தங்கை கஸ்தூரி, மகள் நந்தினி, தம்பி பெண்டாட்டி வள்ளி மூவரையும் கட்டிலருகே கூப்பிட்டாள்.

"நான் வெக்கப்பட்டுக்கினு கெட்டேன். நீங்க மூணு பேரும் போய் டெஸ்ட் குடுத்துட்டு வாங்க. அப்புறம் எனக்குக் கஞ்சி ஊத்துங்க."

ஒரு நாள் முழுக்க நிஜமாகவே கஞ்சிக்கு வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மூவரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். "அஞ்சு நிமிஷ வேலைக்கா இவ்ளோ பயந்தோம்?" என்று திரும்பும்போது வள்ளி சிரித்தாள். அதற்கப்புறம் மூன்று வாரம் யாரும் சிரிக்கவில்லை. நந்தினி பிள்ளைகள் தூங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். போன் அடித்தாலே கஸ்தூரி கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவாள்.

இப்போது அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே போனை எடுத்தாள். 'உம்' கொட்டிக் கேட்டுவிட்டு போனை வைத்தாள்.

"நந்தினிக்கு ஒண்ணும் இல்லியாம்க்கா. வள்ளிக்கும் இல்ல."

"உனக்கு?"

ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. போகிற உயிர், நிம்மதியாகப் போகட்டுமே. ஆனால் அக்கா கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வைரஸ் இருக்குதாம். புத்து இல்லியாம். அப்படியே உட்டா பின்னால ஆவலாமாம். வியாழக்கெழம வரச் சொல்றாங்க. கெட்ட எடம் இருந்தா அத மட்டும் சூடு வெச்சி எடுத்துடுவாங்களாம். அன்னிக்கே வூட்டுக்கு வந்துடலாமாம்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அக்காவும் அழுவாள் என்று நினைத்தாள். சந்திரம்மாளின் முகமோ தளர்ந்து மெல்ல விரிந்தது.

"முன்னாடியே மாட்டிக்கிச்சா?"

"மாட்டிக்கிச்சிக்கா."

"அப்ப இன்னாத்துக்குடி அழுவுற, பைத்தியம்? கஞ்சி குடு."

இரண்டு வாய் உள்ளே போனது. மூன்றாவது கடைவாயில் வழிந்தது. கஸ்தூரி துடைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, தங்கையின் கை அவள் கைக்குள் இருக்கும்போதே, மூச்சு நின்றது. இழுப்போ திணறலோ இல்லை.

புதன்கிழமை மத்தியானம் எடுத்தார்கள். வியாழன் காலை ஆண்கள் பால் தெளித்துவிட்டுத் திரும்பியபோது, கஸ்தூரி தலைக்கு ஊற்றிக்கொண்டு புடவை மாற்றி நின்றாள்.

"பதினாறு முடியாம எங்கடி கெளம்புற?" என்றாள் பெரியம்மா கன்னியம்மாள். "கர்ப்பப்பை எங்க ஓடிடப் போவுது? காரியம் முடியட்டும்."

கூடத்துச் சுவரில் இரண்டு நாளாகச் சாய்ந்து கிடந்த அக்கா புருஷன் பலராமன் நிமிர்ந்தார்.

"போவட்டும் அத்த. இன்னொருத்திய தூக்க என் தோள்ல தெம்பு இல்ல."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டோ நிறுத்த அவரே ரோட்டுக்குப் போனார்.

நந்தினியும் வள்ளியும் கேட்காமலே ஏறிக்கொண்டார்கள். டவுன் வருவதற்குள், நாலு நாளாகக் கண்மூடாத நந்தினி சித்தியின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"ஆஸ்பத்திரி வந்துடுச்சிம்மா" என்றான் ஆட்டோக்காரன்.

கஸ்தூரி உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு இஞ்சினை அணைத்தான். சீட்டு வாங்க வள்ளி மட்டும் சத்தமில்லாமல் இறங்கிப் போனாள்.

கஸ்தூரி தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.